உறுமி எங்கப்பா?

சுங்கை சிப்புட்
சனிக்கிழமை இரவு

அன்புக் கூட்டாளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஜோகூரிலேயே வேலை அமைந்தது நல்ல சேதி. முட்டிவலிக்குத் தைலம் தேய்த்தது போதும், டாக்டரைப் போய்ப் பார். இங்கே அதே கதைதான். காலையில் பேர் கூப்பிடுவார்களே, நாம் பந்து விளையாடிய அந்தப் பிரட்டுக்களத்தைச் சுற்றி இப்போது செம்பனைதான் நிற்கிறது. பால்மரம் ஒன்றுகூட மிச்சமில்லை.

நம் தோட்டத்துப் பையன்கள் தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோவில் காவடிக்கு உறுமி அடிப்பார்கள் அல்லவா, அவர்கள் சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டார்கள். என் வீட்டுப் பின்னறையில்தான் பதிவு. அந்த இரண்டு நாளும் மழை இல்லை; பெய்திருந்தால் தகரக் கூரைதான் பாடியிருக்கும்.

மிக்ஸ் பண்ணிக் கேட்டால், போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கலாக இருந்தது. பாட்டுப் பதிவு செய்கிற லாஜிக் ப்ரோ மென்பொருளில் மேட்ச் ஈக்யூ என்று ஒன்று உண்டு. நமக்குப் பிடித்த பாட்டை அதற்குக் கேட்கக் கொடுத்தால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று சராசரி எடுத்துக்கொள்ளும். நம் பாட்டுக்கும் அதே கணக்கு. பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சத்தை ஒரு வளைகோடாக்கி நம் பாட்டின்மேல் போட்டுவிடும். பட்டனைத் தட்டினால் வேலை முடிந்தது. சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும்? கீபோர்டும் தபேலாவும் வயலினுமாகப் பளிச்சென்று இருக்கிற ஒரு பக்திப் பாட்டைக் கொடுத்துத் தட்டினேன். குரல் முன்னால் வந்து நின்றது. ஆகா என்று எனக்கு நானே தே தாரேக் ஆற்றிக்கொண்டேன்.

மறுநாள் பையன்களுக்கு உறுமி சொல்லிக்கொடுத்த பெரியவர் வந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டவர் பாதியிலேயே கழற்றி மேசையில் வைத்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. உறுமி எங்கப்பா?" வளைந்த குச்சியைப் பிடிக்கிற மாதிரி விரலை வளைத்து மேசைமேல் ஒரு இழுப்பு இழுத்தார். மரப்பலகையே ஊம் என்றது. என் பாட்டில் அது இல்லை. டக் டக் என்று அடி மட்டும் கேட்டது, அழுகை போய்விட்டது.

அப்புறம்தான் வளைகோட்டை ஒழுங்காகப் பார்த்தேன். உறுமியின் அழுகை இருக்கிற 80 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை 7 டெசிபல் குழி! அந்தப் பக்திப் பாட்டில் அந்த இடத்தில் தேய்க்கிற வாத்தியமே கிடையாது. ஆகவே என்னிடம் இருப்பது அதிகப்படி என்று வெட்டித் தள்ளியிருக்கிறது. ஒரு பாட்டின் ஒலி மங்கலா தெளிவா என்பதும், அதில் என்ன வாத்தியம் வாசிக்கிறார்கள் என்பதும் அதற்கு ஒன்றுதான். போதாக்குறைக்கு 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. நான் கொடுத்தது யாரோ சுருக்கி அனுப்பிய எம்பி3. அந்த ரகக் கோப்புகளில் உச்சியைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். அந்தக் குறையையும் சேர்த்து எனக்கு ஒட்டிவிட்டது.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். இந்த முறை ஒப்பிடக் கொடுத்தது ஒரு உறுமி மேள சிடி. முதலில் அதன் சத்தத்தைக் குறைத்து என் பாட்டோடு சமமாக்கினேன், ஏனென்றால் சத்தம் கூடினாலே காதுக்கு அடியும் உச்சியும் தூக்கலாகத் தெரியும். 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டிய சங்கதி. குழுவாகப் பாடும் இடத்துக்குக் குழுவாகப் பாடும் இடத்தையே கொடுத்தேன். கோட்டின் நெளிவுகளை ஸ்மூத்திங்கில் மழுப்பி, 40 சதவீதம் மட்டும் போட்டேன். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோட்டைக் கையால் இழுத்துத் தட்டையாக்கினேன். மிஞ்சியது கொஞ்சம்தான்: 300 ஹெர்ட்ஸ் வாக்கில் 2 டெசிபல் குறைவு, 3000 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு டெசிபல் கூடுதல். போர்வை விலகிவிட்டது.

எதிரொலி, சத்தத்தின் ஏற்ற இறக்கம் எல்லாம் மேட்ச் ஈக்யூவுக்கு அடங்காத வேலை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அறையிலும் ஒரு கோளாறு. நீளம் 3.4 மீட்டர். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகும்; அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்துப் பார், ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ் வரும். அந்தச் சுருதியில் அறையே கூடச் சேர்ந்து பாடும். நம் கரண்டும் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஆம்ப் இரைகிறதா சுவர் இரைகிறதா என்று ஒரு வாரம் குழம்பினேன். இப்போது கடைசித் தீர்ப்பு ஹெட்போனிலும் தம்பியின் சாகா காரிலும்தான்.

பெரியவருக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை. அதற்கு முன் உன் உதவி வேண்டும். நம் கோயில் திருவிழாவில் உன் அப்பா டேப்பில் பிடித்த கேசட் அலமாரியில் இருக்கிறதா? அதில் உறுமி வாசிப்பவரே இந்தப் பெரியவர்தான். பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டிப் பார்க்காதே, அப்படியே பஸ்ஸில் போட்டுவிடு. தயவுசெய்து டேப்புக்குப் பக்கத்தில் போனை நீட்டி வாய்ஸ் மெசேஜாக மட்டும் அனுப்பிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி