மகளுக்கு, ஸ்காபரோவிலிருந்து

அன்புள்ள பிள்ளைக்கு,

மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னதும், "34 வயதிலா? எஞ்சினியர் வேலையை விட்டுவிட்டா?" என்று கேட்டுவிட்டேன். நீ "சரி அப்பா, பிறகு கதைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். அப்படிக் கேட்டது பிழை. போனில் சொல்ல வந்தால் தொண்டை அடைத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

ரொன் ரெய்லர் என்று ஒருவர், இந்த ரொறன்ரோவிலேயே பிறந்தவர். 2025 ஜூனில் 87 வயதில் காலமானார். உன்னைப் போலவே மின்பொறியியல் படித்தவர். படிக்கும் காலத்திலேயே சின்ன லீக்குகளில் பேஸ்போல் ஆடினார், பட்டம் எடுத்த பிறகு பெரிய லீக்குக்குப் போனார். பேஸ்போலில் வருடக் கடைசியில் சாம்பியனைத் தீர்மானிப்பது உலகத் தொடர்; 1964இல் அதன் நாலாவது ஆட்டத்தில், யாங்கீஸ் அணியின் சொந்த மைதானத்தில், கார்டினல்ஸ் அணிக்காகக் கடைசி 4 இன்னிங்ஸ் பந்து வீசினார். எதிரணியில் ஒருவர்கூட அவர் பந்தை அடித்து பேஸுக்குப் போக (அதைத்தான் ஹிட் என்பார்கள்) விடவில்லை. கார்டினல்ஸ் 4-3 என்று வென்றது. 1969இல் மெற்ஸ் அணியோடு இன்னொரு உலகத் தொடர் வெற்றி.

நான் நின்று யோசித்த இடம் இதற்குப் பிறகுதான். வியட்னாம் போர்க்காலத்தில் விளையாட்டு வீரர்களைப் படையினரைப் பார்க்க அனுப்புவார்கள். அப்படிப் போன ரெய்லர் ஆஸ்பத்திரிகளில் காயப்பட்ட பொடியன்களைப் பார்த்தார், அவர்களைக் கவனித்த டாக்டர்களையும் பார்த்தார். தானும் டாக்டராக வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிடித்தது. 1972இல் பேஸ்போல் ஆடுவதை விட்டதும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகும் படிக்க முடியும் என்று முதலில் காட்டச் சொன்னார்கள். இரண்டு உலகத் தொடர் வென்ற மனிதர், தன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைந்த பிள்ளைகளோடு வகுப்பில் போய் உட்கார்ந்தார். 1977இல், 39 வயதில், டாக்டராக வெளியே வந்தார்.

அவர் வியட்னாமில் பார்த்ததை நீ அம்மம்மாவின் கட்டிலடியில் பார்த்திருக்கிறாய் பிள்ளை. பதினொரு நாள் பக்கத்தில் இருந்து, டாக்டர் சொன்னதைத் தமிழிலும் அம்மம்மா முனகியதை ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தாயே. காலை, மத்தியானம், இரவு என்று கோடு போட்டு நீ எழுதிய மருந்துத் தாள் இன்னும் பிரிட்ஜில் ஒட்டியபடி இருக்கிறது. அம்மம்மா போய் இவ்வளவு நாளாகியும் அம்மா அதைக் கழற்ற விடவில்லை. உன் முடிவு திடீரென்று வந்தது என்று நான் நினைத்தேன். தினமும் பால் எடுக்கும்போது அந்தத் தாள் என் கண்முன்னால்தான் இருந்திருக்கிறது.

1992இல் ரொறன்ரோவின் புளூ ஜேஸ் அணி உலகத் தொடரை வென்ற இரவு நான் தொழிற்சாலையில் இரவு வேலை. 11 இன்னிங்ஸ், நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது, ரேடியோவைச் சுற்றி நின்றவர்கள் கத்த நானும் கத்தினேன். அந்த அணியின் டாக்டர் ரெய்லர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த வருடமும் வென்றார்கள். ஆட்டக்காரராக இரண்டு, டாக்டராக இரண்டு என்று நாலு வெற்றி மோதிரங்கள் அவருக்கு. எனக்கு அந்தப் பின் இரண்டில்தான் மதிப்புக் கூட.

காசைப் பற்றி அம்மாவும் நானும் கதைத்தோம். வீட்டுக் கடன் முடிய இன்னும் இரண்டு வருடம், சமாளிக்கலாம். கல்கரியில் வாடகை கட்டிக்கொண்டு படிக்காதே, இங்கே வா. பேஸ்மன்டில் உன் பழைய மேசையைத் துடைத்துவிட்டேன். அந்த லைட் மங்கலாக இருந்தது, நேற்று மாற்றினேன். முதலில் எந்தெந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று தெரிந்ததும் சொல்லு.

அன்புடன்,
அப்பா