பத்துப் பெயருக்குள் அடங்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறந்த ஆட்டக்காரர்களை வாக்கெடுப்பில் தேர்ந்து கௌரவிக்கும் அமெரிக்க பேஸ்பால் புகழ் மண்டபத் தேர்வில், அடித்த ரன்களை மட்டும் எண்ணினால் போதாது. அமெரிக்காவின் டென்வர் நகர மைதானம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று அடர்த்தி குறைவு. அடித்த பந்து கூடுதல் தூரம் போகும், வீசிய பந்து சரியாக வளையாது. அங்கு ஆடிய லாரி வாக்கரின் பேட்டிங் கணக்கில் வாக்காளர்கள் கழிவு போட்டது நியாயமே. ஆனால் அவருடைய 7 கோல்டு கிளவ் விருதுகள் ஃபீல்டிங்குக்கு உரியவை ஆயிற்றே! வாக்குப் பட்டியலில் கடைசி வாய்ப்பான பத்தாம் ஆண்டில், 2020இல், 76.6 சதவீத வாக்கோடு மண்டபத்தில் நுழைந்தார், தேவை 75.

622 தளங்களைத் திருடிய (பந்தை அடிக்கும்வரை காத்திராமல் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதுதான் திருட்டு) ஆட்டக்காரர் கென்னி லாஃப்டனோ 2013இல், முதல் ஆண்டிலேயே, 3.2 சதவீதத்தோடு வெளியேறினார். ஒரு வாக்காளர் 10 பெயர்தான் குறிக்கலாம்; 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பட்டியலிலிருந்து நீக்கம். நெரிசலான ஆண்டில் இரண்டும் சேர்ந்து ஆளை விழுங்கிவிடுகின்றன. முதலில் அந்தப் பத்து வரம்பை எடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்