சீனியைத் துரத்தாமல் விட்டவர்களுக்கு

அரவேணு, கோத்தகிரி சுற்றுவட்டாரத்து அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளுக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

நவம்பர் மழையில் ஓடிப்போய்த் திரும்பக் கிடைத்த எங்கள் நாய் சீனி நன்றாக இருக்கிறாள். வயிறாரச் சாப்பிடுகிறாள். முள்கம்பி கிழித்த கால் ஆறிவிட்டது. வழியில் பார்க்கிற எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறீர்கள், அதனால் அதையே முதலில் எழுதிவிட்டேன். நேரில் நன்றி சொல்ல முடிந்தது சிலருக்குத்தான். முகம் மட்டும் தெரிந்தவர்கள், போன் நம்பர் மட்டும் தெரிந்தவர்கள், அதுவும் தெரியாதவர்கள் என்று மிச்சம் நிறையப் பேர். யார் பெயரையும் நான் எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி வெள்ளவத்தை அக்காவுக்கு. 2022இல் இலங்கையில் பெட்ரோலுக்கு மைல் கணக்கில் வண்டிகள் வரிசை கட்டி நின்றது ஞாபகம் இருக்கும். அப்போது என் கணவருக்குக் கொழும்பில் வேலை. அந்த வரிசைகளில் ஒன்றில், நின்ற வண்டிகளுக்கு அடியில் ஊர்ந்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்த ஒரு பழுப்பு நாயை அக்கா தூக்கி வந்தார்கள். பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றவே இல்லை. அவள்தான் சீனி. வெளிநாட்டிலிருந்து வரும் நாய்த்தீனி கடைகளில் கிடைக்காமல் போன காலம் அது. வளர்த்தவர்களே தெருவில் விட்டுவிட்டுப் போன நாய்களும் இருந்தன. அக்கா தன் வீட்டில் இருந்த நாய்களுக்கெல்லாம் சோறும் நெத்தலிக் கருவாடும் பிசைந்து போட்டார்கள். மனிதர்களுக்கே அரிசி விலை கட்டுப்படியாகாத நேரத்தில் அதைச் செய்தார்கள். எங்கள் அடுக்குமாடியில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்போம். ஊருக்குத் திரும்புவது முடிவானதும் அவளை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஒரு நாயை இங்கே கொண்டுவருவது சாதாரண காரியம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து, வீட்டையே மாற்றிக்கொண்டு வருகிறவர்கள் தங்கள் வளர்ப்புப் பிராணி இரண்டு வரை கொண்டுவரலாம். மற்றவர்களுக்குத் தனி உரிமம் வேண்டும். தோலுக்கடியில் மைக்ரோசிப், புறப்படுவதற்கு முப்பது நாளுக்கு மேல் முன்னதாகவே போட்ட வெறிநோய்த் தடுப்பூசி, மற்ற தடுப்பூசிகள், அந்த நாட்டு அரசுக் கால்நடை மருத்துவரின் சான்றிதழ், இங்கே மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையம் தரும் அனுமதிக் கடிதம். இதில் ஒரு தேதி பிசகினாலும் எல்லாம் நின்றுபோகும். ஒவ்வொரு தாளையும் சரிபார்த்துக் கொடுத்த கொழும்பு டாக்டருக்கும், கூண்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திப் பேசி, பரிசோதனையை அவசரமில்லாமல் செய்து அனுப்பிவைத்த சென்னை அதிகாரிகளுக்கும் நன்றி.

சென்னையிலிருந்து கோத்தகிரிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். நாய் என்றதும் இரண்டு வாடகை வண்டிக்காரர்கள் வர மறுத்தார்கள். மூன்றாவதாக வந்த அண்ணன், “வாயில்லா ஜீவன்தானே, ஏத்துங்க” என்றார். மேட்டுப்பாளையம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் சீனி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். குஞ்சப்பனை சோதனைச்சாவடி அருகே வண்டியை ஓரம் கட்டி, அவரே தண்ணீர் பிடித்து வந்து சீட்டைக் கழுவினார். கூடுதலாகப் பணம் கொடுத்தோம், வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான வேலை. மீட்ட நாயைக் கொண்டுவந்தால் அன்றைக்கே வாலாட்டிக்கொண்டு மடியில் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களைத் தெரிந்த நாய்தான், ஆனாலும் சீனி கட்டிலுக்கு அடியில் போனவள் போனவள்தான். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிட மாட்டாள். குக்கர் விசில், துடைப்பம், குடை பிடித்து வரும் ஆண்கள், கூரையில் ஓடும் குரங்குகள் எல்லாமே அவளுக்குப் பயம். ஒன்றுக்குப் போவதுகூட ஊர் அடங்கிய பிறகுதான்.

இந்த இடத்தில் என் மாமியாருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொந்த வீட்டு ஆளுக்கு ஊரறிய நன்றி சொல்வது நம் வழக்கமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அத்தை இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, பிறகு இந்த மலைக்கு வந்து தமிழக அரசின் தேயிலைத் தோட்டமான டான்டீயில் கொழுந்து பறித்தவர். கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, சீனிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், கீரை ஆய்வார். கூப்பிட மாட்டார், தொட மாட்டார். “அதுவா வரட்டும். புது ஊருல எறங்குன பிள்ளையப் போட்டு எல்லாரும் கேள்வி கேட்டா அது என்னா செய்யும்?” என்பார். நாய்ப் பயிற்சி பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டது எல்லாம் அத்தை செய்ததைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்லியிருந்தது. பயந்த நாயை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, மேலிருந்து கை நீட்டித் தலையைத் தொடக் கூடாது, நெருங்குவதா வேண்டாமா என்பதை அதன் விருப்பத்துக்கே விட வேண்டும்.

சீனி வந்த முதல் வாரமே கோத்தகிரி டாக்டர் ரத்தம் எடுத்துச் சோதித்தார். சூடான ஊர்களின் நாய்களிடம் உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் இருக்கும் என்றார். இருந்தது. நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தோம். அவர் அன்று சோதிக்காமல் விட்டிருந்தால் மார்கழி உறைபனியை அவள் தாங்கியிருப்பாளா, தெரியவில்லை. பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) படுகப் பாட்டி ஒருவர் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து அவளுக்கு மேல்சட்டை பின்னிக் கொடுத்தார். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணி கிளம்புகிற அவசரத்திலும் வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

“வெளிநாட்டு நாயாச்சே, வெறி கிறி இருக்குமா? எங்க பிள்ளைங்க இந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போவுது” என்று நேராக வந்து கேட்ட அக்காவுக்கும் நன்றி. பின்னால் பேசாமல் முகத்துக்கு நேரே கேட்டார்கள். தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிலையம் குன்னூரில் 1907இலிருந்து இருக்கிற மலை இது. வெறிநாய்க்கடி எவ்வளவு கொடியது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாய் கடித்தாலோ நகம் பட்டுக் கீறினாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும் என்பதை மட்டும் அவர் பிள்ளைகளிடம் இன்னொரு முறை சொன்னேன். இப்போது அந்தப் பிள்ளைகள்தான் சீனிக்குக் காவல்.

சரி, நவம்பர் மழைக்கு வருகிறேன்.

வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிப் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அன்று பகலில் சில்வர் ஓக் மரம் ஒன்று வேரோடு எங்கள் வேலிமேல் சாய்ந்தது. அந்தச் சத்தத்தில் முற்றத்தில் இருந்த சீனி, விழுந்த வேலியைத் தாண்டித் தேயிலைக்குள் ஓடிவிட்டாள். மேலே தோட்டம், கீழே சோலை. நடுவில் சிறுத்தை நடமாடும் தடம். இந்த மலையில் சிறுத்தைக்கு எளிதில் கிடைக்கும் இரை நாய்தான்.

செய்தி வாட்ஸ்அப்பில் பரவியதும், சாயங்காலத்துக்குள் பைக்கிலும் நடந்தும் தம்பிகள் கூட்டமாக வந்துவிட்டீர்கள். கயிறு, டார்ச், பிஸ்கட் எல்லாம் கையில். அதே நேரம் வெள்ளவத்தை அக்கா போனில் அழுதுகொண்டே கண்டிப்பாகச் சொன்னார்கள்: “பெயரைச் சொல்லிக் கூப்பிடாதேங்கோ. ஒருத்தரும் பின்னால ஓடாதேங்கோ. ஓரிடத்தில இருந்து கருவாடு பொரியுங்கோ.” மிரண்டு ஓடும் நாய்க்குப் பழகிய குரல்கூடத் துரத்துகிற சத்தமாகத்தான் கேட்கும். துரத்தத் துரத்த அது தெரிந்த இடத்தை விட்டு விலகிப்போகும். சும்மா விட்டால் பக்கத்திலேயே பதுங்கியிருந்து, விடியலிலும் அந்தியிலும் வெளியே வரும். இதை உங்களிடம் சொன்னேன். தேடுவதற்காக வந்தவர்களிடம் தேடாதீர்கள் என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் சாலை வரை தள்ளிக்கொண்டே போனீர்கள். அந்த உதவியின் அளவு எனக்கு அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. ஓடி வந்து உதவுவது நம் ஊரில் எல்லோருக்கும் இயல்பாக வரும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். நீங்கள் எங்களுக்காக அதைச் செய்தீர்கள்.

அடுத்த நாள் காலையில் இலை வண்டி ஓட்டும் அண்ணன்தான் அவளை முதலில் பார்த்தார். கீழ்ப்பக்கம் இலை எடை போடும் ஷெட் அருகே ஒரு பழுப்பு நாய் என்று போன் செய்தார். பார்த்ததும் வண்டியை நிறுத்தாமல், ஹாரனும் அடிக்காமல், தாண்டிப் போய்த்தான் கூப்பிட்டிருக்கிறார்.

கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இந்த மடலை இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். சீனி அந்த ஷெட்டைச் சுற்றித்தான் இருக்கிறாள் என்று தெரிந்ததும், ஆள் நடமாட்டம் இல்லாமல் இருந்தால் நல்லது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். உங்களுக்குள் பேசிக்கொண்டீர்கள், மேஸ்திரியிடமும் நீங்களே கேட்டீர்கள். “நாங்க மேல் ஷெட்டுலயே எடை போட்டுக்கறோம். சிலோன்லேர்ந்து வந்த பிள்ளை, காட்டுல கெடக்கட்டும்னா விட முடியும்?” என்று ஒரு அக்கா சொன்னார். மேல் ஷெட் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நனைந்த கொழுந்து மூட்டை எவ்வளவு கனக்கும் என்பதும் தெரியும். கிலோக் கணக்கில் கூலி வாங்கும் வேலையில், மூட்டையைத் தலையில் வைத்து அந்த மேட்டை ஏறி இறங்கும் நேரம் உங்கள் கூலியிலிருந்துதான் போகிறது. வழுக்கும் மண்ணில், அட்டைக்கடியோடு, அவள் கிடைக்கும் வரை அப்படித்தான் சுமந்தீர்கள். எனக்குத் தெரியாத ஒரு தோட்டத்தில் யாருடைய நாய்க்காகவாவது நான் அப்படிச் சுமந்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். உறுதியாக ஆம் என்று சொல்ல முடியவில்லை.

வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் இருவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ராத்திரி சாப்பாட்டை அங்கேயே வைத்துவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தோம். வாசனைக்குக் கரடியும் காட்டுப்பன்றியும் வரும், அப்புறம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குத்தான் ஆபத்து என்று தடுத்தார்கள். பொழுது சாயும் நேரம் மட்டும் அடுப்பு மூட்டுங்கள், இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், நாங்கள் சாலையில் நிற்கிறோம் என்றார்கள். சொன்னபடி நின்றார்கள். ஒரு நாள் காட்டெருமைக் கூட்டம் கீழே இறங்கியபோது எங்களைப் பத்திரமாக மேலே அழைத்துவந்ததும் அவர்கள்தான்.

ஷெட்டில் அத்தைதான் உட்கார்ந்தார். நான் உட்காருகிறேன் என்றேன், கேட்கவில்லை. தூறலிலும் குளிரிலும், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரியே, தேயிலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கருவாடு பொரித்தார். முதலில் தூரத்தில் போட்டதை மட்டும் தின்றுவிட்டு ஓடினாள். மறுநாள் கொஞ்சம் பக்கத்தில் வந்தாள். அப்புறம் ஒரு சாயங்காலம் நேராக வந்து அத்தையின் முதுகில் சாய்ந்துகொண்டாள். அத்தை அப்போதும் திரும்பவில்லை. கையிலிருந்த கருவாட்டை ஊட்டிக்கொண்டே, இன்னொரு கையைப் பின்னால் கொண்டுபோய் அவள் உடம்பில் இருந்த வாரைப் பிடித்தார். கழுத்துப்பட்டை மட்டும் இருந்திருந்தால் தலையை உருவிக்கொண்டு மறுபடி ஓடியிருப்பாள். நெஞ்சையும் வயிற்றையும் சுற்றிவரும் இரட்டை வார் என்பதால் நின்றாள். பயந்த நாயை வளர்ப்பவர்கள் அந்த மாதிரி வாரையே வாங்குங்கள்.

அன்று இரவு மழையில் வீட்டுக்கே வந்து கால் வெட்டைச் சுத்தம் செய்து தைத்த டாக்டருக்கும், செய்தி கேட்டுக் கதவைத் தட்டாமல் வாசல் திண்ணையில் பால் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டாருக்கும் நன்றி.

மரம் விழுந்த இடத்தில் வேலியைப் புதிதாகக் கட்டிவிட்டோம். சாலையில் சீனியைப் பார்த்தால் தாராளமாக நின்று எங்களோடு பேசுங்கள், அவளை மட்டும் கொஞ்ச நேரம் கவனிக்காத மாதிரி இருங்கள். அவளாகவே வந்து உங்கள் கையை முகர்வாள்.

இன்னொரு விஷயம். லயன் பக்கத்து நாய்கள் பலவற்றுக்கு இந்த வருஷம் வெறிநோய் ஊசி போடவில்லை என்று அக்காமார் சொன்னீர்கள். டாக்டரிடம் பேசிவிட்டோம். பொங்கல் முடிந்து வரும் முதல் ஞாயிறு காலை எங்கள் வீட்டு முற்றத்துக்கு வருகிறார். ஊசி மருந்துச் செலவு எங்களுடையது. உங்கள் நாய்களை, கயிறு கட்டியோ கையில் தூக்கியோ, கூட்டி வாருங்கள். காலை டிபன் அத்தை செய்கிறார்.

அன்புடன்,
சீனி வீட்டிலிருந்து