படுக்கையருகே பாடம் நடத்தவும் பயிற்சி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவத் துறையில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நோயாளியைப் பார்க்கத் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று கல்லூரி நம்பியது, நானும் நம்பினேன்.

பதினைந்து மாணவர்கள் கட்டிலைச் சூழ்ந்து நிற்பார்கள். நான் வயிற்றில் கை வைத்து, "மண்ணீரல் தட்டுப்படுகிறது" என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். இறுதித் தேர்வில் அவர்களில் ஒரு மாணவி இடது விலா ஓரத்திலேயே விரல் வைத்துத் தேடினாள். வலது அடிவயிற்றில் தொடங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் சிறிது சிறிதாக மேலே இடது விலாவை நோக்கி நகர வேண்டும். அவள் கையைப் பிடித்து ஒருநாள்கூட நான் காட்டியதில்லை. அந்தத் தவறு அவளுடையதன்று.

புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவ ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் 1975-இலேயே தொடங்கப்பட்டது. இன்று பதவி உயர்வுக்கே மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சி கட்டாயம். மனமார வரவேற்கிறேன். ஆனால் கூடத்தில் உட்கார்ந்து கேட்கும் சில நாள் வகுப்போடு அது நின்றுவிடக் கூடாது. இளம் ஆசிரியர் வார்டில் பாடம் நடத்தும்போது அனுபவமுள்ள ஒருவர் அருகில் நின்று கவனிக்க வேண்டும். பிறகு தனியே அழைத்து, எங்கே அவசரப்பட்டார், எந்த மாணவரைக் கேட்காமலே விட்டார் என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். புறநோயாளிகள் கூட்டத்துக்கு நடுவே இதற்கு ஏது நேரம் என்பார்கள். வாரம் ஒரு மணி நேரத்தைப் பணி அட்டவணையிலேயே ஒதுக்கித் தரும்படி மருத்துவக் கல்வி இயக்ககத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வு பெற்ற மருத்துவப் பேராசிரியர், மதுரை