அந்தக் கேள்வியை முதல் நாளே கேளுங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். மனச்சிதைவைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு கேள்வியை உங்கள் சேர்க்கைப் படிவத்தில் சேர்க்கும்படி கேட்கவே இந்த மடல்.

என் தம்பியை முதல்முறை மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தான். "இது பாவம் செய்த கண்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். பணியில் இருந்த மருத்துவரிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணில் கோளாறு இல்லை என்றார். தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, மனநல மருத்துவரைப் பார்க்க இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். நான்காம் நாள் அந்தக் கண்ணை அவனே சிதைத்துக்கொண்டான். அப்போது அவன் வலியில் கத்தக்கூட இல்லை.

இத்தகைய கொடிய காயங்கள் அரிதானவை என்பது எனக்கும் தெரியும். ஆனால் மனச்சிதைவு போன்ற நோயால் நேரும் இத்தகைய காயங்களில் ஏறத்தாழப் பாதி, நோய் முதன்முதலாகத் தலைகாட்டும் காலத்திலேயே நேர்கின்றன. ஒரு கண்ணையோ கையையோ குற்றவாளியாகப் பேசுவதும், 'செய்' என்று கட்டளையிடும் குரலும் எச்சரிக்கை மணிகள். சாகும் எண்ணம் உண்டா என்று மட்டும் கேட்டால் இது பிடிபடாது. என் தம்பி சாக நினைக்கவில்லை. தண்டனையை நிறைவேற்றுவதாக நினைத்தான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வார்டில் மனநல மருத்துவர் வந்து பார்க்க மூன்று நாளானது. "தானே செய்துகொண்டதுதானே" என்று ஒருவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. இதே ஆபத்து அடுத்த கண்ணுக்கும் உண்டு என்று அங்கே யாருமே எங்களிடம் சொல்லவில்லை. இரவில் அவன் கை மெல்ல இடது கண்ணை நோக்கிப் போனதை நான்தான் பார்த்தேன். காவலுக்கு ஆள் கேட்டேன், இல்லை என்றார்கள். ஒரு துணியின் ஒரு முனையை அவன் மணிக்கட்டிலும் மறுமுனையை என் மணிக்கட்டிலும் முடிந்துகொண்டு, அவன் அசைந்தால் விழித்துக்கொள்ளலாம் என்று தரையில் படுத்தேன். மூன்று இரவுகள் அப்படிப் போயின.

உலக அளவில் மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூடச் சிறப்பு மனநல சிகிச்சை கிடைப்பதில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உடைந்த எலும்புக்கு நடுராத்திரியிலும் மருத்துவர் வருகிறார். உடைந்த மனத்துக்கு ஏன் தேதி கொடுக்கிறீர்கள்? கோபத்தில் கேட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஆளாக முப்பது பேரைப் பார்க்கும் மருத்துவரின் அலுப்பும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம் போதும்.

"ஏதாவது குரல் கேட்கிறதா? உங்கள் உடம்பை ஏதாவது செய்யச் சொல்கிறதா?" தயவுசெய்து இதைக் கேளுங்கள். ஆம் என்றால், உறவினர் சொல்வதையும் எழுதிக்கொண்டு, அன்றே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ஒருவரைப் பக்கத்தில் இருத்துங்கள். காயத்தோடு வந்தால், தையல் போடும் மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்தே பார்க்கட்டும்.

மருந்து ஆரம்பித்து ஆறாவது வாரம் குரல்கள் அடங்கின. அன்று கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, நான்தான் சொன்னேனே, ஏன் யாருமே தடுக்கவில்லை?" என்று கேட்டான்.

இப்படிக்கு,
அவன் அக்கா