பதினாறாம் பிரிவை விட்டுவிடாதீர்கள்: தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமை ஆசிரியர்களே, குழு உறுப்பினர்களே,

வணக்கம். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு என்ன உதவி என்ற பேச்சு வந்தால், பல பள்ளிகளில் உடனே நினைவுக்கு வருவது பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைதான். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு. எல்லாம் வேண்டியவையே. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அந்தச் சலுகைகள் வருவது 17ஆம் பிரிவில். குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்பதை 16ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. பதினேழைப் பிடித்துக்கொண்டு பதினாறை விட்டால், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்க ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது, எது முந்தையதோ அதற்குள் ஆசிரியர்கள் முதற்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்று 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை சொன்னது. தேர்வுச் சலுகைக்குச் சான்றிதழ் தேவை. வகுப்பில் வேறுவிதமாகக் கற்பிக்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. சான்றிதழ் வரட்டும் என்று ஓராண்டைக் கழிக்காதீர்கள்.

எந்த உதவி என்பதை முடிவு செய்ய அரை மணி நேரம் போதும். பார்வையும் செவித்திறனும் சரிபார்க்கப்பட்டனவா, நீண்ட விடுப்பு எதுவும் உண்டா என்று முதலில் பாருங்கள். பிறகு, பிள்ளை முன்பின் பார்த்திராத பத்தி ஒன்றை, இரண்டு வகுப்பு கீழான நிலையில், ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். சரியான சொற்களை எண்ணுங்கள். பிழைகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பத்தியிலிருந்து ஐந்து கேள்வி கேளுங்கள். அதே அளவிலான இன்னொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி அதிலும் ஐந்து கேள்வி கேளுங்கள். கேட்டதற்கு நான்கு விடை சரி, தானே வாசித்ததற்கு ஒன்றுதான் சரி என்றால், பிள்ளைக்குப் புரிதலில் குறையில்லை, எழுத்தை ஒலியாக்குவதில்தான் சிக்கல். இரண்டிலும் தடுமாறினால் சொல்வளத்திலும் புரிதலிலும் வேலை இருக்கிறது. கடைசியாக இருபது சொல் சொல்வதெழுதுதல், ஐந்து வரி பார்த்தெழுதுதல். (பார்த்தெழுதும்போது கையெழுத்து முத்துமுத்தாக இருப்பதை வைத்துக் குறையில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது படம் வரைவது மாதிரிதான்.) ஆங்கில வழிப் பிள்ளை என்றால் இரண்டு மொழியிலும் பாருங்கள்.

பிழைப் பட்டியல்தான் திட்டத்தின் அடித்தளம். தமிழில் இவை பெரும்பாலும் ஒரே இடங்களில் குவியும். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிரொலியின் குறி முன்னால் நிற்கிறது, அந்த ஒலி பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' இரண்டிலும் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. 'கௌ'வின் கடைசிக் குறியை 'ள' என்றே வாசிப்பார்கள். உகரக் குறிக்கு ஒரே வடிவம் கிடையாது: கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. 'கடல்', 'அகம்', 'தங்கம்' மூன்றிலும் ககரம் ஒரேபோல ஒலிப்பதில்லை. ஆகவே 247 எழுத்தையும் சுவரில் ஒட்டி மறுபடி முதலிலிருந்து ஒப்பிக்க வைப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பயன்படாது. பிழை விழுந்த குறியை மட்டும் எடுங்கள். ஏற்கெனவே தெரிந்த ஐந்தாறு மெய்யோடு சேர்த்து, ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதவும், அன்றே சொல்லாகவும் வரியாகவும் வாசிக்கவும் வையுங்கள். குறில் ஒற்றைக் கொம்பையும் நெடில் இரட்டைக் கொம்பையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒன்று நிலைத்த பின்பு மற்றது.

நாளுக்கு முப்பது நிமிடம், வாரத்தில் நான்கு நாள், குழுவில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் மட்டும் இரண்டு மணி நேரம் வைத்து முடித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்த வாரத்துக்குள் பாதி மறந்துபோகும். பயிற்றுநர் வராத நாள்களை வகுப்பாசிரியர் நடத்த வேண்டும். எந்தப் பாடவேளையை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். விளையாட்டையும் ஓவியத்தையும் பறிக்காதீர்கள். அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குச் சமமாக நிற்கும் இடம் பல நேரங்களில் அவை மட்டுமே.

இலக்கை 'வாசிப்பை மேம்படுத்துதல்' என்று எழுதினால் ஆண்டு முடிவில் எல்லாரும் வெற்றி பெற்றுவிடுவார்கள். 'செப்டம்பர் முடிவுக்குள், இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள 60 சொல் புதிய பத்தியை ஐந்து பிழைக்குள் வாசிப்பது' என்று எழுதுங்கள். வெள்ளிதோறும் ஒரு நிமிட வாசிப்பு, சரியாக வாசித்த சொல் எண்ணிக்கைக்கு வரைபடத் தாளில் ஒரு புள்ளி. தொடக்க நிலையிலிருந்து இலக்கு வரை வரைந்த கோட்டுக்குக் கீழே தொடர்ந்து நான்கு புள்ளி விழுந்தால் முறையை மாற்றுங்கள்: குழுவைச் சிறிதாக்கலாம், நாளைக் கூட்டலாம், ஒரு படி பின்னே போகலாம்.

சலுகைகளையும் பிழையை வைத்தே தேர்ந்தெடுங்கள். மெதுவாக ஆனால் சரியாகச் செய்பவருக்குக் கூடுதல் நேரம். விடை தெரிந்தும் எழுத வராதவருக்குச் சொல்வதை எழுதுபவர். ஆனால் விடையை வரிவரியாகச் சொல்லி எழுத வைப்பது பழக வேண்டிய திறன். ஒன்பதாம் வகுப்பின் பருவத் தேர்வுகளிலேயே பயிற்சி கொடுங்கள். மொழி விலக்கைக் கடைசியில் வையுங்கள். கீழ் வகுப்பிலேயே அதை நம்பி ஒரு மொழியைக் கைவிட்டால், பின்னால் அந்த மொழியில் ஒரு விண்ணப்பம்கூட நிரப்ப முடியாமல் போகலாம்.

குழு உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் பிள்ளைகளின் பெயரை வாசிக்க வேண்டாம். எத்தனை குழு, எந்த வேளை, எந்த அறை, யார் நடத்துகிறார் என்பதை மட்டும் தீர்மானமாக எழுதிப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கத் திட்டம் போதும். அதன் நகல் பெற்றோரிடமும் எல்லாப் பாட ஆசிரியரிடமும் இருக்கட்டும். ஜூனில் புது வகுப்பாசிரியர் வந்ததும் முதல் வாரத்திலேயே வரைபடத் தாளோடு அது அவர் கைக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
சிறப்புப் பயிற்றுநர்கள் சிலர்