குடும்பத் தலைவர் என்ற ஒரு சொல்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாயிற்று. நான் நலம். மொட்டைமாடியில் காயும் வடகத்துக்குக் காவலிருந்தபடியே இதை எழுதுகிறேன்.

அநீதியை அநீதி என்று சொல்வதற்குத் தத்துவம் எதற்கு என்று கேட்டிருந்தாய். எல்லாக் காலத்துக்கும் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும் ஒற்றை அடித்தளத்தைத் தேடாமலே சமூகத்தை விமர்சிக்கலாம் என்று அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர்கள் நான்சி ஃப்ரேசரும் லிண்டா நிக்கல்சனும் 1988இல் எழுதியது ஏறக்குறைய உன் கட்சிதான். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு; மறுபாதியைத் தடுப்பவர் பெண்ணியத் தத்துவவாதி சூசன் மோலர் ஓக்கின்.

தான் ஏழையா பணக்காரனா, திறமை உள்ளவனா இல்லாதவனா என்பது எதுவும் தெரியாதபடி ஓர் அறியாமைத் திரைக்குப் பின்னால் அமர்ந்து சமூகத்தின் விதிகளை வகுக்கச் சொன்ன அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ், அங்கே அமர்ந்திருப்பவர்களைக் குடும்பத் தலைவர்களாகக் கருதலாம் என்று தம் 1971ஆம் ஆண்டு நூலில் போகிற போக்கில் எழுதிவிட்டார். 1989இல் ஓக்கின் பிடித்துக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். தலைவரே எல்லாருக்குமாகப் பேசிவிட்டால், வீட்டில் யார் சமைப்பது, பிள்ளைக்காக யார் வேலையை விடுவது என்பவை நீதியின் கணக்கில் ஏறுவதே இல்லை. ஆனாலும் ஓக்கின் திரையைக் கிழிக்கவில்லை. ஆணா பெண்ணா என்பதையும் அது மறைக்கட்டும், பிறகு விதி எழுதுங்கள் என்றார். ரால்ஸின் முழக்கோலால் ரால்ஸையே அளந்த அந்த நேர்த்தி எனக்குப் பிடிக்கும். குடும்பமும் சமூகத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்ததே என்று ரால்ஸ் 1997இல் விளக்கினார். ஆனால் நீதிக் கொள்கைகள் அதன் உள்வாழ்வுக்கு நேரடியாகப் பொருந்தா என்றும் சேர்த்துக்கொண்டார். வழுக்கலான பதில்தான்.

இந்தச் சொல் என்னை விடாததற்கு நம் ஊர்க் காரணமும் உண்டு. 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கியபோது, ரேஷன் அட்டையில் ஆண் தலைவராக இருந்தால் அவர் மனைவியே குடும்பத் தலைவியாகக் கருதப்படுவார் என்று விதி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "அட்டையில அவரு தலைவரு, பணம் வாங்க மட்டும் நான் தலைவியா டீச்சர்?" என்று சிரித்தாள். மாதம் ஆயிரம் ரூபாயை உதவி என்னாமல் உரிமை என்றது நல்ல காரியம். ஆனால் கூலியில்லா வீட்டு வேலைக்கான உரிமை என்றால், குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் கிடையாது என்பது எப்படிப் பொருந்தும்? அது உழைப்புக்கா, வறுமைக்கா? இதைக் கேட்க வெறும் கோபம் போதாது, வசந்தா. உரிமை என்பது எதிலிருந்து பிறக்கிறது என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

ஓக்கின் நூலில் ரால்ஸைப் பற்றிய அத்தியாயத்தை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரங்களில் பென்சிலால் அவரோடு சண்டை போட்டிருப்பேன், பொருட்படுத்தாதே. ஃப்ரேசர் பக்கம் நின்று நீ எழுதப்போகும் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
மீனாட்சி